தயிரில் ஞானஸ்நானம் பெற்றோர்

கிரேக்க நாட்டு உணவுச்சாலையொன்றில் அமர்வோர் பெரும்பாலும் முதலிற் கேட்டு வாங்கும் பண்டம் ஒரு சிறு கிண்ணத்தில் வருகின்றது. கெட்டியான வெண்ணிறத் தயிர். அதனுள்ளே துருவிய வெள்ளரிக்காய். இடித்த வெள்ளைப்பூண்டின் காரம். மேலே பசும்பொன் நிறத்தில் ஒலிவ எண்ணெய். பாணைப் பிய்த்து அதில் தோய்த்து உண்பர். சுட்ட இறைச்சிக்கும் பொரித்த மீனுக்கும் தொடுகறியாகக் கொள்வர். ஸாட்ஸீகி என்பது இதன் பெயர். வெள்ளரிக்காய்ப் பச்சடி செய்து பழகிய நம் இல்லத்துக் கைகளுக்கு இதனை ஆக்குவது பெரிய காரியமன்று. ஆயினும் இந்தக் கிண்ணம் ஏதென்ஸ் நகரத்து மேசைக்கு வந்து சேர்ந்த வழி நேரானதன்று. அவ்வழியிலே ஒரு பேரரசின் வீழ்ச்சியும், எரிந்துபோன நகரம் ஒன்றும், பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் இடப்பெயர்வும் கிடக்கின்றன.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஸாட்ஸீகி என்னும் சொல் கிரேக்க மொழியிற் பிறந்ததன்று. துருக்கியர் தம் நாட்டில் ‘ஜஜிக்’ என்று வழங்கும் சொல்லே ஈஜியன் கடலைக் கடந்து இவ்வுருவம் பெற்றது. துருக்கியரின் ஜகர ஒலி கிரேக்க மொழியில் இல்லை; ஆதலின் கிரேக்கர் அதனை டகரமும் ஸகரமும் கலந்ததோர் ஒலியாக்கி, ஈற்றில் இகரம் ஒன்றையும் சேர்த்துத் தம் மொழிக்கு இசைய அமைத்துக்கொண்டனர். யோகட் என்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல்லும் துருக்கிச் சொல்லே. கெட்டியாதல், பிசைதல் என்னும் பொருள்களோடு தொடர்புடைய வேரிலிருந்து வந்தது. 1070களில் பக்தாத் நகரில் இருந்து துருக்கி மொழிகளுக்குப் பேரகராதி தொகுத்த மஹ்மூத் அல் கஷ்காரி என்னும் அறிஞர் அச்சொல்லைத் தம் நூலிற் பதிந்துள்ளார்.

இதனைக் கேட்கும் கிரேக்கர் சிலர் உடனே மறுப்புரைப்பர். பெயர் துருக்கியருடையதாயினும் பண்டம் எம் முன்னோருடையது என்பது அவர் வாதம். அதற்குச் சான்றே இல்லை என்று தள்ளிவிடவும் இயலாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரும் மருத்துவர் கலேன், உணவுப் பொருள்களின் இயல்புகளைப் பற்றி எழுதிய நூலில் ‘ஒக்சிகலா’ என்ற ஒன்றை ஆராய்கின்றார். புளித்த பால் என்பது அச்சொல்லின் பொருள். சூடான இரைப்பை உடையோர்க்கு அது தீங்கு செய்யாது என்பது அவர் கருத்து. அவருக்கு முன், 1ஆம் நூற்றாண்டில், உரோம அறிஞர் பிளினியும் பாலைப் புளிக்கவைத்துக் கெட்டியாக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். ஆனால் அதனை நாகரிகமற்ற பிற இனத்தாரின் வழக்கம் என்றே அவர் கருதினார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் பாலைப் பாலாடைக்கட்டியாக்கி உண்டவர்கள். தயிர் அவர் மேசையில் முதன்மை பெறவில்லை. மேலும், கலேன் பிறந்த பெர்கமன் நகரம் இன்று பெர்காமா என்ற பெயரோடு துருக்கி நாட்டில் இருக்கின்றது. சின்ன ஆசியாவிற் பிறந்து, கிரேக்க மொழியில் எழுதி, உரோமப் பேரரசர்க்கு மருத்துவம் செய்த ஒருவரை எந்த நாட்டார் தம் பக்கச் சாட்சியாக அழைப்பது?

பண்டம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைச் சற்று உற்று நோக்கினால் இவ்வழக்கின் சிக்கல் இன்னும் தெளிவாகும். முதல் வேலை தயிரை வடித்தல். செம்மறியாட்டுப் பாலோ பசுப்பாலோ காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறையிட்டு, பாத்திரத்தைக் கம்பளியாற் சுற்றி வைத்தால் ஆறேழு மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடும். இது உலகம் அறிந்த முறை. அதன்பின் அத்தயிரை மெல்லிய துணிப் பையிலிட்டு, ஓரிடத்திற் கட்டித் தொங்கவிடுவர். இரவு முழுவதும் நீர் சொட்டுச் சொட்டாக வடியும். ஒரு கிலோத் தயிரை இவ்வாறு தொங்கவிட்டால் விடியலில் ஏறத்தாழ அரைக் கிலோவே பையில் எஞ்சும். ஆயினும் அது கரண்டியை நிறுத்தினால் நிற்கும் பதத்தில் இருக்கும். நம் நாட்டு எருமைத் தயிர் இயல்பாகவே கெட்டியானது. அதனைக் கொண்டு செய்வோர்க்குச் சில மணி நேரம் வடித்தலே போதும்.

துணிப் பையில் வடித்த இத்தயிரைக் கிரேக்கர் ‘பைத்தயிர்’ என்பர். துருக்கியரும் தம் மொழியில் ‘பைத்தயிர்’ என்றே சொல்வர். மந்தைகளோடு குளிர்காலத்துத் தாழ்நிலத்துக்கும் கோடைகாலத்து மலைப்புல்வெளிக்கும் மாறி மாறி நடந்த இடையர்க்கு, நீர் நீக்கிய தயிர் சுமக்க எளிது, விரைவிற் கெடாது. பால்கன் மலைகளில் மந்தை மேய்த்த கிரேக்க இடையரும், அனத்தோலியா மேட்டுநிலத்தில் அலைந்த துருக்கி இடையரும் ஒரே தேவைக்கு ஒரே விடை கண்டனர். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனரோ, இருவரும் தனித்தனியே அறிந்தனரோ என்று ஆராய்வோர் ஆராய்க. ஐந்து நூற்றாண்டு அளவுக்கு ஓர் அரசின் கீழ், அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தவர்களின் அடுப்பங்கரையிற் கோடு கிழிப்பது எளிதன்று.

வெள்ளரிக்காயின் வரலாறோ இரு திறத்தாரையும் தாண்டிக் கிழக்கே செல்கின்றது. அது இமயமலை அடிவாரத்து நிலங்களில் தோன்றி, இந்தியாவிற் பயிராக்கப்பட்ட கொடி. பண்டைக் கிரேக்கர் ‘சிகியோஸ்’ என்ற ஒரு காயை உண்டனர். உரோமப் பேரரசர் திபேரியஸ், அத்தகைய காய் தம் மேசையில் நாள்தோறும் இருத்தல் வேண்டும் என்று விரும்பியதனால், தோட்டக்காரர் சக்கரம் பூட்டிய பாத்திகளில் அதனை வளர்த்து வெயிலுக்குத் தள்ளிச் சென்றனர் என்று பிளினி எழுதுகின்றார். நெடுங்காலமாக அக்காய் வெள்ளரிக்காய் என்றே நூல்களில் மொழிபெயர்க்கப்பட்டு வந்தது. ஆனால் பழைய ஓவியங்களையும் எழுத்துக்களையும் ஒப்பிட்ட தாவரவியலார், அது நீண்டு வளைந்த ஒருவகை முலாம்பழக் காயே என்று அண்மைக் காலத்தில் காட்டியுள்ளனர். மெய்யான வெள்ளரி இடைக்காலத்திலேயே மேற்கு நாடுகளை அடைந்தது. ஆகவே பெரிக்ளீஸ் காலத்து ஏதென்ஸில் ஸாட்ஸீகி உண்ணப்பட்டது என்று எவரேனும் பெருமை பேசினால், வெள்ளரிக்காய் இல்லாத ஸாட்ஸீகியையே அவர் குறிக்கின்றார் என்று கொள்ளல் வேண்டும்.

இக்காயைத் தோல் சீவி, விதையை நீக்கித் துருவி, உப்பிட்டு அரை மணி நேரம் வைப்பர். உப்பு அதன் நீரை வெளியே இழுக்கும். பின்னர் கையில் அள்ளி, இனி ஒரு சொட்டும் வராது என்னும் அளவுக்குப் பிழிதல் வேண்டும். புதிதாகச் செய்வோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான். இரவெல்லாம் வடித்த தயிரிலே பிழியாத வெள்ளரியைச் சேர்ப்பவர், வடித்த நீரைத் திரும்ப ஊற்றுபவரே ஆவர். அரைக் கிலோ வடித்த தயிருக்கு நடுத்தரமான ஒரு வெள்ளரிக்காயும், இரண்டு மூன்று பூண்டுப் பற்களும் அளவு. பூண்டை உப்போடு சேர்த்துச் சிறு உரலில் மைய இடிப்பர். முழுப் பல்லில் உறங்கும் காரம் அதன் திசுக்கள் நசுங்கியபோதுதான் விழித்தெழும். அதனைத் தயிரோடு கலந்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, ஒரு கரண்டி வினாகிரியும் வெள்ளரிக்காயும் சேர்த்து, நறுக்கிய சதகுப்பை இலை தூவுவர். சைப்பிரஸ் தீவினர் சதகுப்பைக்கு ஈடாக உலர்ந்த புதினாவை இட்டு, அப்பண்டத்தைத் ‘தலத்தூரி’ என்பர். ஆக்கியவுடன் உண்ணலாகாது, சில மணி நேரம் குளிரில் இருந்தாலன்றிப் பூண்டும் தயிரும் ஒன்றையொன்று ஏற்பதில்லை.

துருக்கியரின் ஜஜிக்கிலும் பொருள்கள் ஏறத்தாழ இவையே. ஆனால் அவர்கள் தயிரை வடிப்பதற்கு மாறாக நீர் விட்டு அடிப்பர். கோடையிற் பனிக்கட்டி இட்டு, தனிக் கிண்ணத்தில் வார்த்து, சோற்றோடும் இறைச்சியோடும் கரண்டியால் அள்ளிப் பருகுவர். பல்கேரியர் அதிலே அக்குரோட்டுப் பருப்பை இடித்துச் சேர்த்துத் ‘தாரத்தோர்’ என்னும் குளிர்ந்த கஞ்சியாக்குவர். பாரசீகரும் தயிரையும் வெள்ளரியையும் கலந்து புதினா தூவி உண்பர். சிந்து நதிக்குக் கிழக்கே வந்தால் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. அவற்றை நேயர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை.

இனி, எரிந்த நகரத்தின் கதைக்கு வருவோம்.

சின்ன ஆசியாவின் மேற்குக் கரையிலே, இன்று இஸ்மிர் எனப்படும் ஸ்மேர்ணா நகரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மேனியரும் யூதரும் ஐரோப்பிய வணிகரும் கலந்து வாழ்ந்த செல்வத் துறைமுகம். முதல் உலகப் போரில் ஒட்டோமன் பேரரசு தோற்றபின், 1919ஆம் ஆண்டு மே மாதத்தில் கிரேக்கப் படை அங்கே இறங்கியது. சின்ன ஆசியாவிற் கிரேக்க ஆட்சியை மீண்டும் நிறுவலாம் என்று ஏதென்ஸ் அரசினர் கனவு கண்டனர். அக்கனவு மூன்றாண்டுகளில் முடிந்தது. முஸ்தபா கமாலின் படைகள் 1922 செப்டம்பர் 9ஆம் நாள் ஸ்மேர்ணாவுட் புகுந்தன. நான்கு நாள் கழித்துத் தீ மூண்டது. கிரேக்கரும் ஆர்மேனியரும் வாழ்ந்த பகுதிகள் சாம்பலாயின. துறைமுகக் கரையிலே, முன்னே கடலும் பின்னே நெருப்புமாக, இலட்சக்கணக்கானோர் கப்பலை எதிர்பார்த்து நின்றனர்.

அடுத்த ஆண்டு, 1923 ஜனவரி 30ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டன. துருக்கியிலுள்ள வைதிகத் திருச்சபைக் கிறித்தவர் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக மாற்றப்படுதல் வேண்டும் என்பது அதன் சாரம். கொன்ஸ்தாந்திநோபிளிலுள்ள கிரேக்கர்க்கும் மேற்குத் திரேசிலுள்ள முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது. ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர் ஒருபுறம் வந்தனர். அவருட் பலர் ஒப்பந்தத்துக்கு முன்னரே உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள். மூன்றரை இலட்சத்துக்குக் குறையாத முஸ்லிம்கள் மறுபுறம் சென்றனர். ஆட்களைப் பிரிப்பதற்கு மொழியை எவரும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. மதம் ஒன்றே அளவுகோல். இதனால் விளைந்த விந்தைகள் பல. கப்பதோக்கியா நாட்டிலிருந்து வந்த கிறித்தவர் பலர் துருக்கி மொழியையே தாய்மொழியாகப் பேசினர்; அம்மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதினர். கிரேத்தாத் தீவிலிருந்து துருக்கிக்கு அனுப்பப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர்க்கோ கிரேக்க மொழியன்றி வேறு மொழி தெரியாது. தாயகத்துக்குச் செல்கின்றீர் என்று இருதிறத்தாரிடமும் சொல்லப்பட்டது.

கிரேக்கம் அப்பொழுது சிறிய, வறிய நாடு. 1928ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நாட்டின் தொகை ஏறத்தாழ 62 இலட்சம். ஐவரில் ஒருவர் அகதி. பள்ளிகளிலும் கோயில்களிலும் கிடங்குகளிலும் அவர் தங்கினர். ஏதென்ஸ் நகர மண்டப நாடக அரங்கிலே, செல்வர் அமர்ந்து இசை நாடகம் பார்த்த மாடக் கூடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் திரை கட்டி வாழ்ந்தது. சர்வதேச சங்கத்தின் துணையோடு அகதிகளைக் குடியேற்ற அமைக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கு முதல் தலைவராக வந்தவர் ஹென்றி மோர்கெந்தோ என்னும் அமெரிக்கர். நகரைச் சுற்றி நேயா ஸ்மீர்னி, நேயா இயோனியா என்று, இழந்த ஊர்களின் பெயரைச் சுமந்த புதுக் குடியிருப்புக்கள் எழுந்தன. புதிய ஸ்மேர்ணா, புதிய இயோனியா என்பன அப்பெயர்களின் பொருள்.

வந்தவர்களிற் பலர் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஆனால் உண்ணும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர். சீரகமும் கறுவாவும் இட்ட இறைச்சியுருண்டை, எண்ணெயில் வேகவைத்த காய்கறி, இலையில் மடித்த சோறு, எல்லாவற்றோடும் தயிர். கிரேக்க நாட்டார் அதுவரை தயிரை அறியாரல்லர். இடையரின் குடில்களிலும் வடபகுதி ஊர்களிலும் அது இருந்தது. ஆனால் எந்தக் கறியின் தலையிலும் தயிரை வார்த்து உண்ணும் பழக்கம் பழங்குடிகளின் கண்ணுக்குப் புதுமையாகவும் அயன்மையாகவும் தோன்றிற்று. வேலைக்கும் நிலத்துக்கும் போட்டி மிகுந்திருந்த காலம் அது. ஆகவே வசைமொழிகள் பிறந்தன. அகதிகளைத் ‘துருக்கி வித்து’ என்றனர். அதனினும் கூர்மையான ஒரு சொல்லையும் படைத்தனர்: ‘யவூர்த்தோவப்திஸ்மேனி’. தயிரில் ஞானஸ்நானம் பெற்றோர் என்பது அதன் பொருள்.

கிறித்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டையும் கல்லறைகளையும் விட்டு வந்த மக்களைப் பார்த்து, உங்களுக்கு ஞானஸ்நானம் நீரினால் ஆனதன்று, தயிரினால் ஆனது என்று சொல்வதில் உள்ள கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு சமையற்பண்டம் இவ்வளவு பெரிய வசையாகப் பயன்பட்ட இடம் வரலாற்றில் அரிது. நெடுங்காலம் அக்குடும்பங்களில் அச்சொல் மறக்கப்படவில்லை.

கடலின் மறுகரையிலும் இதே நாடகம் வேறு வேடத்தில் நடந்தது. கிரேத்தாவிலிருந்தும் லெஸ்போஸ் தீவிலிருந்தும் சென்ற முஸ்லிம்கள் அய்வலிக் முதலிய கரையோர ஊர்களில், கிரேக்கர் விட்டுப்போன வீடுகளிற் குடியேற்றப்பட்டனர். கிரேக்க மொழி பேசி, மலையிலும் வயல் வரம்பிலும் முளைக்கும் கீரைகளைப் பறித்து ஒலிவ எண்ணெயில் வதக்கி உண்ட கிரேத்தா மக்களை, உள்ளூர்த் துருக்கியர் ‘அரை நம்பிக்கையிலி’ என்றனர். கிரேத்தாக்காரனும் மாடும் ஒரே வயலுட் புகுந்தால் முதலில் எதனைத் துரத்துவது என்பதைப் பற்றி அவ்வூர்களில் ஒரு கேலிக்கதை இன்றும் வழங்குகின்றது. ஒருபுறம் தயிருக்காகவும், மறுபுறம் கீரைக்காகவும் ஏச்சு.

இக்காலத்திலேயே கிரேக்கச் சமையலைத் தூய்மைப்படுத்த முற்பட்ட ஒருவரும் தோன்றினார். அவர் 1878இற் பிறந்த நிக்கொலாஸ் செலெமெந்தேஸ். வியன்னாவில் இத்தொழில் பயின்றவர். 1910இலேயே சமையல் இதழ் ஒன்றை நடத்தியவர். 1920களில் அவர் வெளியிட்ட பெருநூல் கிரேக்க நாட்டு நடுத்தர இல்லங்களின் வேதமாயிற்று. எந்தச் சமையற் புத்தகத்தையும் ‘செலெமெந்தேஸ்’ என்று சொல்லும் அளவுக்கு அவர் பெயர் ஒரு பொதுச் சொல்லே ஆகிவிட்டது. ஐரோப்பியச் சமையலின் ஊற்றுக்கண் பண்டைக் கிரேக்கமே, துருக்கியர் ஆட்சியில் அது மாசடைந்தது என்பது அவர் கொள்கை. வாசனைப் பொருள்களையும் பூண்டையும் குறைத்தார். பிரெஞ்சு முறையில் வெண்ணெயும் மாவும் பாலும் சேர்ந்த வெண்குழம்பைப் புகுத்தினார். இன்று கிரேக்கரின் தேசிய உணவாக எண்ணப்படும் முசக்காவின் மேல் மஞ்சட் போர்வைபோற் கிடப்பது அவ்வெண்குழம்பே. தூய்மை செய்ய வந்தவர் பாரிசிலிருந்து கடன் வாங்கினார் என்பதிற் சற்றே நகைச்சுவை உண்டு. ஆயினும் அவரை ஏளனம் செய்தல் முறையன்று. சமையலை ஓர் ஒழுங்கான கலையாக எழுத்திலே கொணர்ந்த பெருமை அவருடையது. கொள்கையிலேதான் அவர் தோற்றார்; ஏனெனில் ஏதென்ஸ் நகரத்துச் செல்வர் அவர் நூலைப் பார்த்துச் சமைத்துக்கொண்டிருந்த வேளையில், அகதிக் குடியிருப்புக்களின் தெருவோரங்களில் மக்கள் வேறொன்றை உண்டு பழகிக்கொண்டிருந்தனர்.

அங்கே சின்ன ஆசியாவிலிருந்தும் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்தும் வந்தவர்கள் சிறு கடைகளில் இறைச்சியைக் கம்பியிற் செருகிச் சுழற்றிச் சுட்டு விற்றனர். அதனைத் துருக்கியர் ‘தோனெர்’ என்பர். சுழல்வது என்று பொருள். கிரேக்கரும் முதலில் அவ்வாறே சொல்லிப் பிற்காலத்தில் ‘யீரோஸ்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டனர். அதற்கும் சுழற்சி என்றே பொருள். காப்பிக்கும் இதுவே நேர்ந்தது. 1974இல் துருக்கிப் படை சைப்பிரஸில் இறங்கியபின், அதுவரை ‘துருக்கிக் காப்பி’ என்று கேட்டு வாங்கிய கிரேக்கர் ‘கிரேக்கக் காப்பி’ என்று கேட்கலாயினர். கோப்பையிலே ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஸாட்ஸீகியின் பெயரை எவரும் மாற்றத் துணியவில்லை. அது அதற்குள் நாவிற் கலந்துவிட்டது போலும்.

ஒப்பந்தத்தில் விலக்குப் பெற்றுக் கொன்ஸ்தாந்திநோபிளில் எஞ்சிய கிரேக்கரின் நிலையும் நீடிக்கவில்லை. 1955 செப்டம்பர் 6ஆம், 7ஆம் நாட்களில், அப்பொழுது இஸ்தான்புல் என்று பெயர் மாறியிருந்த அந்நகரில், அவர்தம் கடைகளும் வீடுகளும் கோயில்களும் கலகக் கும்பல்களால் அழிக்கப்பட்டன. 1964இல் கிரேக்கக் குடியுரிமை பெற்றிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு சிறு வயதில் ஏதென்ஸுக்கு வந்தவர்களுள் ஒருவரான தாஸ்ஸொஸ் புல்மேத்திஸ், 2003இல் அவ்வனுபவத்தை ஒரு திரைப்படமாக்கினார். சமையலறையே அப்படத்தின் களம். அங்கே துருக்கியராலே கிரேக்கர் என்றும், இங்கே கிரேக்கராலே துருக்கியர் என்றும் அழைக்கப்பட்ட ஒரு தலைமுறையின் கதை அது. கிரேக்க நாட்டிற் பெருந்தொகையான மக்கள் அதனைப் பார்த்தனர்.

இதற்கிடையில் ஸாட்ஸீகி கடல் கடந்து சென்றது. 1960 மார்ச் மாதத்தில் மேற்கு ஜெர்மனி கிரேக்கத்தோடு தொழிலாளரை வரவழைக்கும் உடன்படிக்கை செய்தது. 1961 ஒக்டோபரிலே துருக்கியோடும் அத்தகைய உடன்படிக்கை செய்தது. லொசானிலே பிரிக்கப்பட்ட இரு மக்களின் பிள்ளைகளும் ஜெர்மன் தொழிற்சாலைகளில் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தனர். பின்னர் அவருட் சிலர் சிறு உணவுக் கடைகள் வைத்தனர். ஒருவர் யீரோஸ் விற்றார். மற்றவர் தோனெர் விற்றார். இருவரும் பூண்டிட்ட தயிரை அதன்மேல் வார்த்தனர். ஜெர்மானியர் ‘ட்ஸட்ஸீகி’ என்று அச்சொல்லைத் தம் அகராதியிலும் ஏற்றிக்கொண்டனர். அதே காலத்திற் கிரேக்கத் தீவுகளை நாடிவந்த சுற்றுலாப் பயணிகள் கோடைதோறும் அச்சுவையை நாட்டுக்கு நாடு எடுத்துச் சென்றனர்.

இறுதியில் வழக்கு மன்றமும் இக்கதையிற் புகுந்தது. 1926இல் ஏதென்ஸ் நகரிற் சிறு பாற்கடையாகத் தொடங்கி, வடித்த தயிரை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது ஃபாயே. நிறுவிய குடும்பத்தின் பெயரைச் சுருக்கி அமைத்த அச்சொல்லுக்குப் பழங்கிரேக்கத்தில் ‘உண்க’ என்ற பொருளும் உண்டு. வணிகர்க்கு இதனினும் வாய்ப்பான பெயர் கிடைப்பதரிது. அதற்குப் போட்டியாக அமெரிக்காவில் எழுந்தது சோபானி. அதனை நிறுவிய ஹம்தி உலுகாயா, கிழக்குத் துருக்கியிலே மந்தை வளர்த்த குர்திஷ் குடும்பத்திற் பிறந்தவர். 2005இல் நியூயோர்க் மாநிலத்தில் மூடிக்கிடந்த தயிர்த் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, 2007இல் விற்பனையைத் தொடங்கினார். சோபான் என்றால் துருக்கியில் இடையன். கிரேக்க மொழியிலும் இடையனைக் குறிக்க அதே சொல் சிறிது திரிந்து வழங்குகின்றது; இரு மொழியாரும் அதனைப் பாரசீகரிடம் பெற்றவர்களே.

அவ்வமெரிக்கத் தயிர் இங்கிலாந்தில் ‘கிரேக்கத் தயிர்’ என்ற பெயரோடு விற்கப்பட்டபொழுது ஃபாயே வழக்குத் தொடுத்தது. கிரேக்கத் தயிர் என்ற சொல்லைக் கேட்கும் ஆங்கிலேயர் கிரேக்க நாட்டில் ஆக்கி, நீர் வடித்த தயிரையே எதிர்பார்க்கின்றனர். ஆதலின் அமெரிக்காவில் ஆக்கிய தயிருக்கு அப்பெயரை இடலாகாது என்று 2013இல் உயர்நீதிமன்றம் தீர்த்தது. 2014 ஜனவரியில் மேன்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. வணிகச் சட்டத்தின்படி அது நேர்மையான தீர்ப்பே, வாங்குவோர் ஏமாறலாகாது. ஆனால், தயிரில் ஞானஸ்நானம் பெற்றோர் என்று ஏசப்பட்ட மக்கள் துறைமுகத்தில் இறங்கித் தொண்ணூறு ஆண்டு கழிந்த நிலையில், தயிர் கிரேக்கரின் தனிப்பெயருக்கு உரியதென்று இலண்டன் மாநகரத்து நீதியரசர்கள் எழுதியதைக் கேட்டிருந்தால், நேயா ஸ்மீர்னியின் மூதாட்டியர் என்ன சொல்லியிருப்பரோ?

அய்வலிக் நகரத்துக்கும் லெஸ்போஸ் தீவுக்கும் இடையேயுள்ள கடல் அகலமானதன்று. தெளிந்த நாளில் ஒரு கரையிலிருந்து மறுகரையின் மலைகள் தெரியும். அய்வலிக்கிலிருந்து வந்த அகதிகளின் பேரப்பிள்ளைகள் லெஸ்போஸில் இருக்கின்றனர். லெஸ்போஸிலும் கிரேத்தாவிலும் இருந்து சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் அய்வலிக்கில் இருக்கின்றனர். பிற்காலத்திற் படகுப் போக்குவரத்து எளிதானபின், பாட்டன் வாழ்ந்த வீட்டைத் தேடி இருபுறத்தாரும் சென்றுவரலாயினர். அத்தகைய விருந்தினரை மேசையில் அமர்த்தும்பொழுது, மேற்குக் கரையிலே தயிர் கெட்டியாக, பாணோடு வரும். கிழக்குக் கரையிலே அது நீர்த்து, கரண்டியோடு வரும்.